தண்ணீர் இல்லாத படித்துறை

கிராக்கோவ், போலந்து
மார்கழி முதல் வாரம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

போன கடிதத்தில் 'நான்' என்ற சொல் இருபத்தாறு இடத்தில் வந்திருக்கிறது என்று சிவப்பு மையால் சுழித்து, அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தீர்கள். கீழே ஒரு குறிப்பு வேறு: "கடுதாசியா எழுதியிருக்கே, தேர்தல் நோட்டீஸா?" முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவருக்குக் கடிதம் எழுதுவதில் உள்ள ஆபத்து இது. ஆகையால் இந்தக் கடிதத்தில் அந்தச் சொல்லை இனிமேல் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் அகப்படாது. திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்காரன் என்று ஒருவன் வருவான். அவனை உங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் உங்கள் சைக்கிளை ஆற்றுக்குள் விட்டவன். படர்க்கையில் எழுதுவதில் ஒரு சௌகரியமும் உண்டு. அவன் அடித்த கூத்துகளுக்குக் கையெழுத்துப் போடுகிறவன் ஜவாப்தாரி ஆகவேண்டியதில்லை.

இங்கே சுகம். குளிர் மைனஸ் ஆறு. பனியன், அதன் மேல் சட்டை, அதன் மேல் கம்பளி, அதன் மேல் கோட்டு என்று வண்ணார்பேட்டைக்காரன் பல்லாரி வெங்காயம் மாதிரி நடமாடுகிறான். மத்தியானம் மூன்றே முக்காலுக்குப் பொழுது அடைந்துவிடுகிறது. ஆபீஸில் மூன்று மணி டீயைக் குடித்துவிட்டு நிமிர்ந்தால் ராத்திரி.

வந்த மறுநாள் அவன் ஆபீஸ்காரர்களிடம் கேட்ட முதல் கேள்வி, "இந்த ஊரில் முக்கு எங்கே இருக்கிறது?" என்பதுதான். வீடு, அரிசி, வங்கிக் கணக்கு எல்லாம் அப்புறம். முக்கு என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கப் பத்து நிமிஷம் பிடித்தது. தெருமுனை என்றால் அவர்கள் ஜன்னல் வழியாக ஒரு தெருமுனையைக் காட்டினார்கள். அங்கே ஒரு குப்பைத்தொட்டி மட்டும் நின்றது. நாலு பேர் வேலையில்லாமல் நின்று பேசுகிற இடம் என்று சொன்னதும் எல்லார் முகமும் மலர்ந்தது. "ரினெக்!"

ரினெக் என்றால் அவர்கள் பாஷையில் சந்தை. முழுப்பேர் பெரிய சந்தைச் சதுக்கம். பக்கத்துக்கு ஏறத்தாழ இருநூறு மீட்டர், மொத்தம் பத்து ஏக்கர். ஐரோப்பாவில் மத்திய காலத்தில் போட்ட சதுக்கங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 1241-ல் மங்கோலியர் படை வந்து ஊரைக் கொளுத்திவிட்டுப் போனது. 1257-ல் ஊருக்குப் புது சாசனம் எழுதி, கயிறு பிடித்து அளந்து, நடுவில் இந்தச் சதுரத்தை ஒதுக்கினார்கள். அந்த வருஷம் நம் பக்கத்தில் சடையவர்மன் சுந்தரபாண்டியன் ஆண்டுகொண்டிருந்தான் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

முதல் பார்வையில் வண்ணார்பேட்டைக்காரனுக்கு வயிற்றெரிச்சல்தான் வந்தது. பத்து ஏக்கர்! ஊர் நடுவே! ப்ளாட் போடாமல் கிடக்கிறது. நம் வண்ணார்பேட்டையில் பத்து சென்ட் ஒரு வாரம் காலியாகக் கிடந்தால் வண்டி நிறுத்துமிடம். இரண்டாவது வாரம் பானிபூரி தள்ளுவண்டி. மூன்றாவது வாரம் மெத்தை தலையணைத் தள்ளுபடி விற்பனை. அடுத்த சித்திரைக்குள் ஆறு மாடி. இங்கே எழுநூற்றுச் சொச்சம் வருஷமாக ஒரு புரோக்கர்கூடக் கண்வைக்கவில்லை என்றால் இந்த ஜனங்களுக்கு என்ன குறை என்று அவன் கவலைப்பட்டான்.

பிறகு நடுவே பார்த்தான். சதுக்கத்தின் மையத்தில் நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு கட்டடம்: சுக்கியென்னித்ஸே, துணிச் சந்தை. நட்டநடு ஊரில் ஜவுளிக்கடை! அப்போதுதான் அவன் மனசு ஆறியது. பைபாஸ் ரோட்டில் வரிசையாக ஜவுளிக்கடையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது சொந்த ஊர் அடையாளம். 1555-ல் தீப்பிடித்து எரிந்து, அப்புறம் திருப்பிக் கட்டியது. இப்போது கீழே துணி இல்லை. மர பொம்மையும் அம்பர் மணிமாலையும் விற்கிறார்கள், மாடியில் ஓவியக் கூடம். தரைக்கு அடியிலும் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, 2010-ல் திறந்தது. தோண்டிப் பார்த்ததில் பழைய கல்பாவிய பாதைகள் நாலு மீட்டர் ஆழத்தில் கிடைத்தனவாம். காலங்காலமாகச் சாலைமேல் சாலை, மண்மேல் மண் என்று போட்டுத் தரை உயர்ந்துவிட்டது என்று அங்கே விளக்கினார்கள். கேட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். வண்ணார்பேட்டைக்காரனுக்கு ஒன்றும் ஆச்சரியமாக இல்லை. வருஷா வருஷம் ரோட்டின் மேலேயே ரோட்டைப் போட்டு, நம் வீட்டு நடை மூன்று படி கீழே போனதைப் பார்த்தவன் அவன்.

அன்று மத்தியானம் சரியாகப் பன்னிரண்டு மணி. மூலையில் இருக்கும் மரியாள் கோவிலுக்கு இரண்டு கோபுரம். ஒன்று உயரம், ஒன்று குட்டை. உயரமான கோபுரத்தின் சின்ன ஜன்னல் ஒன்று திறந்தது. பித்தளை எக்காளத்தின் வாய் வெயிலில் மின்னிக்கொண்டு வெளியே நீண்டது. கீழே நடந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ராகம் ஒன்று மெதுவாக எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மேலே ஏறுகிற நேரத்தில் பட்டென்று நின்றது. பாதி மூச்சில்.

"கரண்ட் போச்சு" என்றான் வண்ணார்பேட்டைக்காரன், வாய்விட்டு, தமிழில்.

மின்சாரத்துக்கும் எக்காளத்துக்கும் சம்பந்தமில்லை என்பது அவனுக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் அடுத்த ஜன்னல், அதே ராகம், அதே இடத்தில் நிறுத்தம். நாலு திசைக்கும் நாலு தடவை. ஊதுகிறவர் தீயணைப்புப் படை வீரர். அந்தப் படையைச் சேர்ந்தவர்கள் முறைவைத்து மேலே தங்கி, இரவு பகலாக மணிக்கொரு தரம் ஊதுகிறார்கள். பகல் பன்னிரண்டு மணி ஊதலை 1927 முதல் போலந்து வானொலி நாடு முழுக்க நேரடியாக ஒலிபரப்புகிறது. ஏன் பாதியில் நிற்கிறது? அந்தக் காலத்தில் மங்கோலியர் படை வருவதைப் பார்த்த காவல்காரன் ஊரை எழுப்ப ஊதினானாம். ஊதும்போதே தொண்டையில் அம்பு பாய்ந்ததாம். அவன் விட்ட இடத்தில்தான் இன்றைக்கும் நிறுத்துகிறார்களாம். 1928-ல் எரிக் கெல்லி என்ற அமெரிக்கர் எழுதிய சிறுவர் நாவல்தான் இந்தக் கதையை உலகத்துக்குக் கொண்டுபோனது. சரித்திரக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொள்ளாவிட்டால் போகட்டும். நெல்லுக்கு வேலி போட்ட கதைக்கு நாம் யாரிடமாவது ரசீது கேட்டோமா?

ஊதி முடித்ததும் அந்த வீரர் ஜன்னலிலிருந்து கையை ஆட்டுவார். கீழே நிற்கும் கூட்டம் திருப்பி ஆட்டும். வண்ணார்பேட்டைக்காரனும் இப்போது ஆட்டுகிறான். ஊரில் யாருக்கும் காரணமில்லாமல் கையாட்டாதவன், இங்கே முன்பின் தெரியாத தீயணைப்புக்காரருக்கு வாரத்தில் இரண்டு நாள் டாட்டா காட்டுகிறான் என்பதை மதினியிடம் சொல்லுங்கள், சிரிப்பார்கள்.

இனி சிலை. அதுதான் முக்கியம்.

துணிச் சந்தைக்கு எதிரே ஆதம் மித்ஸ்கியேவிச் என்ற கவிஞருக்குச் சிலை. நம் பாரதி மாதிரி இவர்களுக்கு அவர். உயிரோடு இருந்தவரை இந்த ஊர்ப் பக்கமே எட்டிப்பார்த்ததில்லை. பிறந்தது இன்றைய பெலாரஸில், இறந்தது இஸ்தான்புல்லில், புதைத்தது பிரான்ஸில். 1890-ல் எலும்பைக் கொண்டுவந்து இங்கே அரண்மனைக் குன்றில் அடக்கம் செய்தார்கள். 1898-ல் சிலை வைத்தார்கள். வராத ஆளுக்கு வைத்த சிலையைத்தான் ஊர்க்காரர்கள் வீட்டுப்பிள்ளை மாதிரி 'அடாஷ்' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். கிராக்கோவில் யாரும் யாரையும் எங்கே பார்க்கலாம் என்று யோசிப்பதில்லை. "அடாஷுக்குக் கீழே, ஆறு மணிக்கு." முடிந்தது. காதலர்கள், பழைய பள்ளிக்கூட சிநேகிதர்கள், கடன் திருப்பித் தர வருகிறவர்கள், தராமல் தப்பிக்க வருகிறவர்கள் எல்லாருக்கும் அதுவே விலாசம்.

இதை முதலில் கேட்டபோது வண்ணார்பேட்டைக்காரனுக்குத் தொண்டையில் என்னவோ அடைத்தது. நாமும் அப்படித்தானே அண்ணாச்சி? "எங்கன நிக்கே?" "செல்லபாண்டியன் சிலைகிட்ட நிக்கேன்." அறுபதுகளில் சட்டசபைச் சபாநாயகராக இருந்தவர் என்பது அந்தச் சிலையின் கீழே நின்றவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் ஒரு முகவரி. நாகர்கோவில் பஸ், ஜங்ஷன் போகும் ஷேர் ஆட்டோ, சென்னைக்கு ராத்திரி ஏறும் ஆம்னி பஸ், பெண் பார்க்கப் போகிற வேன் எல்லாவற்றுக்கும் அவர்தான் சாட்சி. ஒரே வித்தியாசம், அடாஷுக்குக் கீழே நாலு பக்கமும் அகலமான கற்படிகள் இருக்கின்றன. உட்காரலாம். நம் ஆளுக்குக் கீழே உட்கார்ந்தால் மினி பஸ் ஏறிவிடும்.

அந்தப் படிகளில் உட்காரக் காசு கிடையாது என்பதைக் கண்டுபிடிக்க வண்ணார்பேட்டைக்காரனுக்கு இரண்டு வாரமும் ஒரு காபியும் செலவாயின. சதுக்கத்தைச் சுற்றிலும் குடை விரித்த காபிக்கடைகள். ரினெக்கைப் பார்த்தபடி உட்கார்ந்து குடித்தால் பில்லில் கால் பங்கு காபிக்கு, முக்கால் பங்கு காட்சிக்கு. பில்லை ரூபாயில் பெருக்கிப் பார்த்தபோது, நம் முக்கு டீக்கடையில் அவன் ஒரு மாசம் வடையோடு குடித்திருக்கலாம் என்று தெரிந்தது. அன்றிலிருந்து தள்ளுவண்டியில் ஒரு ஒப்வஜானெக் வாங்கிக்கொண்டு படிக்குப் போய்விடுகிறான்.

ஒப்வஜானெக் என்றால் வளைய ரொட்டி. மாவை இரண்டு மூன்று இழையாகத் திரித்து, வளையமாக முடிந்து, கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, அப்புறம் அடுப்பில் சுட்டு எடுப்பது. நம் கைமுறுக்கு ஊதிப்போய் மெத்தென்று ஆனது போல இருக்கும். மேலே எள், அல்லது கசகசா, அல்லது கல்லுப்பு. இந்தப் பேரில் வேறு ஊர்க்காரன் விற்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் புவிசார் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. கண்ணாடி போட்ட நீலநிறத் தள்ளுவண்டி, உள்ளே குச்சியில் கோத்த மாதிரி அடுக்கிய வளையங்கள், வண்டிக்குப் பின்னால் குல்லாய் போட்ட ஒரு பாட்டி. வண்ணார்பேட்டைக்காரன் பேரம் பேசிப் பார்த்தான். இரண்டு எடுத்தால் குறையுமா என்று விரலால் கேட்டான். பாட்டி மூன்றாவதாக ஒன்றை எடுத்து நீட்டி, மூன்றுக்கும் காசு வாங்கிக்கொண்டார்.

புறாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயிரக்கணக்கில் திரிகின்றன. அவையெல்லாம் ஒரு காலத்து இளவரசனின் போர்வீரர்கள், சூனியக்காரி புறாவாக்கிவிட்டாள் என்று கதை. போன மாதம் ஒரு வீரர் வண்ணார்பேட்டைக்காரனின் புதுக் கோட்டின் தோளில் பதக்கம் குத்திவிட்டுப் போனார்.

இங்கே வந்துதான் அவன் உங்கள் வகுப்பை நினைத்துப் பார்த்தான். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து ஐந்து மன்றங்களைச் சொல்லாதவனுக்கு மத்தியானச் சோறு இல்லை என்று வீட்டிலும் பாடம் எடுத்தீர்களே: வெள்ளிடை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் மன்றம், பூத சதுக்கம், பாவை மன்றம். அப்போது மனப்பாடம், இப்போது அர்த்தம். பூத சதுக்கத்தில் பொய்ச்சாட்சி சொல்கிறவர்களையும் புறங்கூறுகிறவர்களையும் பூதம் பிடித்துத் தின்னும். இங்கே வெள்ளைக்காரர்களின் சதுக்கத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறவனுக்கு அந்தச் சொல்லே இளங்கோவடிகள் வைத்திருந்தது என்பது தாமதமாக ஞாபகம் வருகிறது. அந்தப் பூதத்தைக் கொண்டுவந்து வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் உட்கார வைத்தால் முதல் நாள் மாலைக்குள் அஜீரணம் வந்து கையெடுத்துக் கும்பிட்டுவிடும். பாவை மன்றத்துச் சிலை, அரசன் முறைதப்பினால் வாய்பேசாமல் கண்ணீர்விடும். நம் மாவட்டத்தில் தலைவர்களின் சிலைகளுக்கெல்லாம் கம்பிக்கூண்டு போட்டிருக்கிறார்களே, அது சிலைகள் அழுவதை யாரும் பார்த்துவிடக்கூடாது என்றா?

நம் ஊரில் சதுக்கம் இல்லாமலில்லை, நடுவில் காலியாக இல்லை, அவ்வளவுதான். டவுனில் நாலு ரத வீதியும் சேர்ந்து ஒரு சதுரம். நடுவே நெல்லையப்பரும் காந்திமதி அம்பாளும் ஏறத்தாழ 14 ஏக்கரில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த ரினெக்கைத் தூக்கி உள்ளே வைத்தாலும் பிரகாரத்தில் இடம் மிஞ்சும். ஆனித் தேரோட்டத்தன்று அந்த ஓரத்து வீதிகளே சதுக்கமாகிவிடும். வடம் பிடிக்க வந்த கூட்டம், மாடியில் நின்று தண்ணீர் ஊற்றுகிறவர்கள், இனிப்புக்கடைப் பலகையில் ஏறி நிற்கிற பொடியன்கள். மற்ற நாளில் அதே வீதியில் அல்வாவுக்கு வரிசை. கட்சிக் கூட்டம் என்றால் வாகையடி முக்கு. முக்கு என்ற சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. இவர்கள் நடுவில் கூடுகிறார்கள், நாம் ஓரத்தில், மூலையில், போகிற வழியில் கூடுகிறோம்.

வில்லியம் வைட் என்று ஓர் அமெரிக்கர். எழுபதுகளில் நியூயார்க்கின் சதுக்கங்களில் கேமராவை மறைத்துவைத்து, ஜனங்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று படம் பிடித்து ஆராய்ந்தார். 1980-ல் புத்தகமாகப் போட்டார். அவர் கண்ட பெரிய உண்மை: உட்கார இடம் இருக்கிற இடத்தில்தான் ஜனங்கள் உட்காருகிறார்கள். இதற்கு இத்தனை வருஷமா என்று கேட்காதீர்கள், அடுத்தது ருசியானது. தெருவில் பேச நிற்கிற இரண்டு பேர் ஓரமாக ஒதுங்குவதில்லையாம். கூட்டம் போய்க்கொண்டிருக்கிற நட்டநடுவிலேதான் நிற்கிறார்களாம். வண்ணார்பேட்டைக்கு வந்திருந்தால் அவருக்கு ஆராய்ச்சி ஒரு சாயங்காலத்தில் முடிந்திருக்கும். ரவுண்டானாவின் குறுக்கே, இரண்டு பக்கமும் பஸ் ஹாரன் அடிக்க, நடுவில் நின்று சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கு மொய் எவ்வளவு என்று பேசி முடிவு செய்கிற நம் ஜனத்தை அவர் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்ததில் வண்ணார்பேட்டைக்காரனுக்கு ஒரு அபராதமும் கிடைத்தது. ராத்திரி பதினோரு மணி, ரோட்டில் ஈ காக்கை கிடையாது, நடக்கிறவர்களுக்கான விளக்கு சிவப்பு. கடந்தான். எங்கிருந்து முளைத்தாரோ, ஒரு காவலர் ரசீதைக் கிழித்துக் கையில் கொடுத்தார். பக்கத்தில் பச்சைக்காகக் காத்திருந்த கிழவி ஒருத்தி, ரசீதைவிட நீளமாகத் திட்டினாள். பாஷை புரியவில்லை, தொனி அப்படியே நம் பெரியாத்தா.

இவர்கள் வேடிக்கைக்கும் குறைவில்லை. ஜூன் வாக்கில் ஒரு வியாழக்கிழமை லைகோனிக் வருவான். தாடி, உச்சிக்கூம்புத் தொப்பி, தாத்தாரியன் வேஷம், இடுப்பில் கட்டிய குதிரை. அண்ணாச்சி, அசல் பொய்க்கால் குதிரை! கட்டைக்கால் மட்டும் இல்லை. மேளதாளத்தோடு பழைய நகரத்துக்கு வெளியிலிருந்து ஆடிக்கொண்டே வந்து, கடை கடையாகக் காசு வாங்கி, சாயங்காலம் ரினெக்கில் மேயரிடம் கப்பம் வாங்கிக்கொண்டு முடிப்பான். கையில் இருக்கும் கதாயுதத்தால் யார் தோளில் தட்டுகிறானோ அவருக்கு வருஷம் முழுக்க அதிர்ஷ்டம். வண்ணார்பேட்டைக்காரன் முண்டியடித்து முன்னால் போய்த் தட்டு வாங்கினான். மறுவாரம் அவனுக்குச் சம்பள உயர்வு இல்லை என்று கடிதம் வந்தது. கதை சரியாகத் தட்டவில்லை போலிருக்கிறது.

பேர் வைக்கிற விளையாட்டும் உண்டு. ஊருக்குக் கிழக்கே நோவா ஹுத்தா என்று 1949-ல் எஃகு ஆலைக்காகக் கட்டின புதுப்பேட்டை. அங்கே மத்தியச் சதுக்கம். அதிலிருந்து போகிற பெரிய சாலையில் 1973-ல் லெனினுக்குச் சிலை வைத்தார்கள், 1989-ல் எடுத்தார்கள். 2004-ல் அந்தச் சதுக்கத்துக்கு ரொனால்ட் ரீகன் பேரைச் சேர்த்தார்கள். ஜனங்கள் இன்றைக்கும் "மத்தியச் சதுக்கம்" என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள். வேய்ந்தான்குளத்தில் பஸ் ஸ்டாண்ட் திறந்து இருபது வருஷம் தாண்டியும் நமக்கு அது 'புது பஸ் ஸ்டாண்ட்' தானே.

ஆனால் ரினெக்கின் தரையில் ஒரு கல் பதித்திருக்கிறது, அதைத் தாண்டும்போது வண்ணார்பேட்டைக்காரன் வேடிக்கையை நிறுத்திக்கொள்வான். 1794 மார்ச் 24-ந் தேதி கோஷ்சியூஷ்கோ என்ற தளபதி அந்நிய ஆட்சிக்கு எதிராக ஜனங்கள் முன்னால் சத்தியம் செய்த இடம். 1940-ல் ஊரைப் பிடித்திருந்த ஜெர்மானியர் இந்தச் சதுக்கத்துக்கு ஹிட்லர் பேரை வைத்தார்கள். அடாஷைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளினார்கள். சண்டை முடிந்தபின் ஹாம்பர்க் நகரத்துப் பழைய இரும்புக் கிடங்கில் துண்டுகளைக் கண்டுபிடித்து, 1955-ல் மறுபடி நிறுத்தினார்கள். நாலு பேர் கூடுகிற இடம் என்றால் ஆள்கிறவனுக்கு எந்த ஊரிலும் கண். 1908 மார்ச் 13-ல், வ.உ.சி. கைதானதைக் கேட்டுத் திருநெல்வேலி தெருவுக்கு வந்தபோது துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் போனார்கள். நம் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், கொக்கிரகுளத்தில், 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீஸுக்குப் போன ஊர்வலம். தடியடிக்கு ஆற்றில் இறங்கியவர்கள். ஒரு குழந்தை உட்படப் பதினேழு பேர் இறந்தார்கள். அன்றைக்கு நீங்கள் கதவைச் சாத்திவிட்டு ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது இவனுக்கு ஞாபகம் இருக்கிறது.

மதினிக்குப் படித்துக் காட்ட வேண்டிய பகுதி இனிமேல்தான்.

அந்த வைட் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். ஒரு பொது இடம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, அங்கே பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணினால் போதும். ஆட்கள் நிறைய வந்து போகிற நல்ல சதுக்கங்களில் பெண்களின் பங்கு சராசரிக்கு மேல் இருந்தது என்கிறார். இதைப் படித்த சாயங்காலம் வண்ணார்பேட்டைக்காரன் அடாஷின் படியில் உட்கார்ந்து எண்ணினான். பூக்காரிகள் ஒரு பக்கம். வளைய ரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டு, யாருக்காகவும் காத்திராமல், தனியாக ஒரு அம்மாள். வயது மதினிக்கு இருக்கும். கைப்பையைப் பக்கத்தில் வைத்து, செருப்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். யாரும் "என்ன, யாரைப் பார்க்கணும்?" என்று கேட்கவில்லை.

அப்போதுதான் கணக்கு உதைத்தது. மதினி வாக்கப்பட்டு வந்து நாற்பது வருஷம். வீட்டிலிருந்து சிலைக்கு இருநூறு அடி. இந்த நாற்பது வருஷத்தில் பஸ்ஸுக்கு நின்றதைத் தவிர, மதினி அந்த முக்கில் ஒரு நிமிஷம் சும்மா நின்றிருக்கிறார்களா? டீக்கடைப் பெஞ்சு நமக்கு. கட்சிக் கூட்டத்து நாற்காலி நமக்கு. சுலோச்சன முதலியார் 1843-ல் சொந்தக் காசைப் போட்டுக் கட்டிவிட்ட பதினொரு வளைவுப் பாலத்தில் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து நின்று, வெள்ளம் எவ்வளவு போகிறது என்று அபிப்பிராயம் சொல்வதும் நாம்தான்.

மதினிக்கு ஒரு இடம் இருந்தது. படித்துறை. வண்ணார்கள் துணி வெளுத்ததால் பேர் வாங்கின பேட்டைக்கு ஆற்றங்கரைதானே ஊர்ப்பொது? விடியக்காலை பேராத்துச்செல்வி அம்மன் கோவில் பக்கம் இறங்கினால், குளிக்கிற சாக்கில், துவைக்கிற சாக்கில், குடத்தைத் தேய்க்கிற சாக்கில் ஒன்றரை மணி நேரம். எந்த வீட்டில் என்ன என்று படியில் தீர்ந்துபோகும். முக்குக்கு வரும்போது அது ஆறிப்போன செய்தி. அப்புறம் வீட்டுக்குள் குழாய் வந்தது, போர் வந்தது, ஆற்றுக்குள் சாக்கடையும் வந்தது. மதினி படித்துறைக்குப் போய் எத்தனை வருஷம் ஆகிறது? ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் போவதைக் கணக்கில் சேர்க்காமல் சொல்லுங்கள்.

அடாஷின் கீழே இருப்பதும் படித்துறைதான் அண்ணாச்சி, தண்ணீர் மட்டும் இல்லை. உயரம், அகலம், வழவழப்பு எல்லாம் சரியாக இருக்கிறது. 2023 டிசம்பரில் வண்ணார்பேட்டைக்காரன் அந்தப் படியில்தான் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் கிறிஸ்துமஸ் சந்தை, பொரித்த மீன் வாசனை, ராட்டினத்துப் பாட்டு. போனில் மட்டும் தாமிரபரணி. ஜங்ஷன் பஸ் நிலையத்துக்குள் தண்ணீர், கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள் தண்ணீர், பாலத்துக்கு அடியில் வளைவுகளே தெரியவில்லை. உங்கள் போன் எடுக்கவில்லை. மூன்று மணி நேரம் அவன் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு கிழவர் போனை எட்டிப்பார்த்து, ஒன்றும் கேட்காமல், தன் கையிலிருந்த சூடான பழரசத்தை நகர்த்தி வைத்தார். மாடியில் பத்திரமாக இருப்பதாகவும், அரிசி மூட்டையைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டதாகவும் நீங்கள் மறுநாள் பேசினீர்கள்.

இப்போது இங்கே பாளையங்கோட்டைக்காரன் ஒருவன் வந்திருக்கிறான். போன சனிக்கிழமை முதல் தடவை பார்ப்பதாகப் பேச்சு. போனில் கூப்பிட்டான். "எங்கன நிக்கிய?" "சிலைக்குக் கீழ நிக்கேன்." "எந்தச் சிலை, செல்லபாண்டியனா?" இருவரும் சிரித்து முடிக்கவும் கோபுரத்தில் ஊதவும் சரியாக இருந்தது. ஊதல் நின்ற இடத்தில் அவன் சொன்னான்: "கரண்ட் போச்சு."

சித்திரையில் குளிர் விட்டுவிடும். நீங்கள் வரமாட்டீர்கள், விமானத்தில் காலை நீட்ட இடமில்லை, முக்கை விட்டுவிட்டு வர மனசுமில்லை. மதினிக்குப் பாஸ்போர்ட் ராமேஸ்வரம் பைக்குள் சும்மா கிடக்கிறது என்று சின்னவள் சொன்னாள். டிக்கெட்டை வண்ணார்பேட்டைக்காரன் பார்த்துக்கொள்வான். மதினியிடம் ஒன்று மட்டும் கேட்டு எழுதுங்கள்: வளைய ரொட்டி எள் போட்டது வேண்டுமா, கசகசா போட்டதா. கல்லுப்புப் போட்டது பிரஷருக்கு ஆகாது.

இப்படிக்கு,
உங்கள் சைக்கிளை ஆற்றுக்குள் விட்டவன்